டிவி ரூமில் இருபத்தொரு பிள்ளைகள்

அந்த ஷட்டரை இறக்கி விடும்மா, புள்ள மேல சாரல் அடிக்குது பாரு. அது லேசுல வராது. மேல ஒரு குத்து குத்து. ஆங், அப்படித்தான். பதினாலு வருசமா இந்தப் பஸ்ஸுல போயிட்டு வரேன், எந்த ஷட்டர் எறங்கும் எது எறங்காதுன்னு எனக்கு அத்துப்படி. இப்படி என் பக்கம் நவுந்து உக்காரு. என் பையை மட்டும் மிதிச்சிடாத, உள்ள மனு இருக்கு. கவர்லதான் போட்டிருக்கேன், இருந்தாலும் ஈரம் பட்டா மை கலைஞ்சிடும்.

புள்ளைக்கு என்ன வயசு? ரெண்டரையா? காய்ச்சலா? ஆமா, தொட்டாலே சுடுதே. பெரியாஸ்பத்திரி ஸ்டாப்புல எறங்கிக்க. நான் அதுக்கு அடுத்தது, கலெக்டர் ஆபீசு. திங்கக்கிழமை மனு வாங்குற நாளுல்ல. ஒரு மணி வரைக்கும் வாங்குவாங்க. இந்த மழையில வண்டி நத்தை மாதிரி ஊருது, போய்ச் சேந்துடுவேன்னு நினைக்கிறேன்.

ரெண்டரை வயசுன்னா பால்வாடியில சேத்திருக்கணுமே. சேக்கலையா? ஏன்? கட்டடம் ஒழுவுதா? உங்க ஊர்லயுமா?

பாத்தியா. நான் சொன்னா யாரும் நம்புறதில்ல. நானே பால்வாடி டீச்சர்தாம்மா. ஆண்டிப்புலத்துல வேதநாயகி டீச்சர்னு கேட்டா சின்னப்புள்ளகூட வழி சொல்லும். எல்லாம் நான் மூக்குச் சிந்தி விட்ட புள்ளைங்கதானே.

எங்க சென்டர் எதுல நடக்குதுன்னு நினைக்கிற? டிவி ரூம்ல. சிரிக்காதம்மா. அந்தக் காலத்துல ஊருக்குப் பொதுவா ஒரு டிவி வெச்சு அதுக்குன்னு பஞ்சாயத்துல ஒரு ரூம் கட்டுனாங்கல்ல, அதேதான். பத்துக்குப் பதினஞ்சு. சனம் வெளியில மணல்ல உக்காந்து பாக்கும், உள்ள டிவி மட்டும் இருக்கும். ஒரு டிவி குடியிருக்கக் கட்டுனது. வீட்டுக்கு வீடு டிவி வந்தப்பறம் சும்மா கிடந்துச்சு, ஆடு கட்டுனாங்க. எனக்கு வேலை வந்தப்ப, "தற்காலிகமா ரெண்டு வருசம் இதுல நடத்துங்க டீச்சர், புதுக் கட்டடம் வந்துரும்"னாங்க. ஆட்டுப் புழுக்கைய நானும் அஞ்சம்மாவும் கூட்டி அள்ளுனோம். அஞ்சம்மா எனக்கு உதவியாளு, சமைக்கிறது, புள்ளைங்களக் கூட்டியாறது எல்லாம் அவதான். ரெண்டு வருசம்னாங்க. பதினாலு ஆச்சு.

அந்த டிவி வெக்கிறதுக்குச் செவுத்துல ஒரு பொந்து விட்டு இரும்புக் கதவு போட்டிருக்காங்க. அந்தப் பொந்தோட மூலையிலேர்ந்துதான் விரிசல் வந்துச்சு. மொதல்ல முடி கணக்கா இருந்துச்சு. நான் என்ன பண்ணேன், அது முடியிற எடத்துல பென்சிலால ஒரு கோடு போட்டு தேதி எழுதி வெச்சேன். பக்கத்துலயே புள்ளைங்க உசரம் அளக்குற கோடு இருக்கு. மாசா மாசம் ரெண்டையும் அளப்பேன். புள்ளைங்க ஒழுங்கா வளந்துச்சோ இல்லையோ, அது வளந்துச்சு. ஆடி மாசம் கூரைய தொட்டுச்சு. இப்ப கூரையில ஏறி குறுக்க போவுது.

யாழினின்னு ஒரு வாலு இருக்கு, மூணரை வயசு. அது அதுக்குப் பூரான்னு பேரு வெச்சிருக்கு. "டீச்சர், பூரான் பெருசாயிடுச்சு"ங்கும். ஒரு நாள் விரல உள்ள விட்டுக்கிட்டு நிக்குது. என்னடின்னு கேட்டா, "உள்ளேர்ந்து காத்து வருது டீச்சர்"ங்குது. நானும் விரல வெச்சுப் பாத்தேன். வருது.

அப்பப்ப ஒரு சத்தம் கேக்கும். பெருசா ஒண்ணும் இல்ல. யாரோ விரல சொடுக்குன மாதிரி டக்குன்னு ஒண்ணு. புள்ளைங்க எல்லாம் சோத்த வாயில வெச்சிக்கிட்டே மேல பாக்கும். நான் கையத் தட்டி பாட்ட ஆரம்பிச்சிடுவேன். பயந்துடக் கூடாதுல்ல. இப்பல்லாம் சத்தம் வந்தா அதுங்களே பாட ஆரம்பிச்சிடுது.

மனு போடாம இருப்பேனா? ஒண்ணா ரெண்டா. எங்க ஊரு முகப்புல பெருசா வளைவு கட்டியாச்சு. பஸ் ஸ்டாப்புல நிழற்குடை, கட்டுனவரு பேரு கண்ணு கூசுற அளவுக்கு. சுடுகாட்டுல கொட்டகை போட்டு அதுக்கு டைல்சும் ஒட்டிட்டாங்க. வேண்டாங்கல, செத்தவங்களும் மனுசங்கதான். ஆனா செத்தவன் வீட்ல ஓட்டு இருக்கு. மூணு வயசுப் புள்ளைக்கு யாரு இருக்கா? நான் என்ன மாளிகையா கேக்குறேன்? தண்ணி ஏறாத உசரத்துல ஒரு தளம், ரெண்டு ஜன்னல், அடுப்பு தனியா ஒரு மூலையில, புள்ளைங்க உசரத்துக்கு ஒரு கக்கூசு, கை கழுவ ஒரு குழாய். கவர்மெண்டுதாம்மா கட்டித் தரணும். கூலிக்குப் போறவ கட்டுவாளா? பெத்தவ வேலைக்குப் போவணும், புள்ள பத்திரமா இருக்கணும். இத ஒருத்தனும் ரோடு மாதிரி, பாலம் மாதிரி நினைக்க மாட்டேங்கிறான். ஏதோ பொம்பளைங்க சமாச்சாரம்னு நினைக்கிறான்.

இடிஞ்சா இடியட்டும், மூடிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதானேன்னு உனக்குத் தோணும். தோணுதுல்ல? எல்லாரும் அதத்தான் சொல்றாங்க. கேளு.

என் தங்கச்சி மங்கை, எங்க ஊர்லயேதான் வாக்கப்பட்டா. இறால் குட்டையில வேலை. அப்ப எங்க ஊருக்குப் பால்வாடி கிடையாது. கைப்புள்ளக்காரி எல்லாம் பழைய சேலையக் கிழிச்சு, புள்ள இடுப்புல ஒரு முடிச்சு, கட்டில் கால்ல ஒரு முடிச்சு போட்டுட்டுப் போவா. எல்லா வீட்லயும் அதான் வழக்கம், யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. பக்கத்துல ஒரு கிண்ணத்துல பொரி வெச்சிட்டுப் போவா. மங்கை புள்ள மாறனுக்கு அப்ப ரெண்டு வயசு. மத்தியானம் கஞ்சி குடிக்க வந்து பாக்குறா, கட்டில் கால்ல சேலை இருக்கு, புள்ளையக் காணோம். பின்னால இருபதடியில குட்டை. நான்தாம்மா எறங்கித் தூக்குனேன், உசுரு இல்ல. அதுக்கப்பறம்தான் ஊரு சேந்து ரோட்டுல உக்காந்து, சென்டர் வந்துச்சு. டீச்சர் வேலைக்கு நான் எழுதிப் போட்டேன்.

அதனால எனக்கு சென்டர் இருந்தாவணும். செவுரு எப்படி இருந்தாலும் சரி, சென்டர் இருக்கணும். மூடிட்டாங்கன்னா மறுநாளே கட்டில் கால்ல சேலையக் கட்டிடுவாளுங்க. எனக்குத் தெரியும்.

இப்ப என் வயித்தெரிச்சலச் சொல்றேன். யாழினியோட அம்மா, ரேணுகான்னு பேரு. காலேஜு ஒரு வருசம் போனவ. ஆவணி மாசம் புள்ளையக் கூப்பிட வந்தவ, மேலேர்ந்து ஒரு காரை பேந்து சோத்துச் சட்டி பக்கத்துல விழுந்ததப் பாத்துட்டா. யாருக்கும் அடி இல்ல. சட்டிகூட மூடிதான் இருந்துச்சு. அதுக்கு அவ போன எடுத்து வீடியோ புடிச்சு, "எங்க புள்ளைங்க இந்தக் குகையிலதான் இருக்குதுங்க, வந்து பாருங்க"ன்னு ஊரு ஒலகத்துக்கே அனுப்பிட்டா. குகையாம்! பதினாலு வருசமா நான் கூட்டிப் பெருக்குற எடம் குகையாம். அந்த வீடியோவுல தேஞ்ச வெளக்கமாறு தெரியுது, நனைஞ்ச பாய் தெரியுது, நான் எண்ணெ வடியுற மூஞ்சியோட நிக்கிறது தெரியுது. விரிசல் எங்க தெரியுது? என் மானந்தான் தெரியுது.

ஆபீசுல அதப் பாத்துட்டாங்க. சூப்பர்வைசர் மேடம் அந்த வாரமே வெள்ளிக்கிழமை போன் போட்டு, "டீச்சர், திங்கக்கிழமை இன்ஜினியர் சார் நேர்ல வராரு"ன்னாங்க. பதினாலு வருசத்துல ஒரு இன்ஜினியர் வாசப்படி மிதிச்சதில்ல. வர்றவரு இந்தக் கோலத்துலயா பாக்கணும்?

சனி, ஞாயிறு ரெண்டு நாளும் வேலை. எங்க வீட்டுக்காரர் சுண்ணாம்பு வாங்கியாந்து விரிசல அடைச்சு வெள்ளை அடிச்சாரு. மைதா பசை காய்ச்சி, அ ஆ சார்ட்டு, காய்கறி சார்ட்டு, மிருகம் சார்ட்டுன்னு செவுரு தெரியாம ஒட்டுனேன். பென்சில் கோடெல்லாம் வெள்ளையில போயிடுச்சு. பொந்துக்கு முன்னாடி பீரோவ நவுத்தி வெச்சேன். மேல கலர் பேப்பரு தோரணம், இந்தச் செவுத்துக்கும் அந்தச் செவுத்துக்கும் நெருக்கமா. வாசல்ல கோலம். அப்படி ஜொலிச்சிச்சும்மா, எனக்கே அடையாளம் தெரியல.

இன்ஜினியர் சின்னப் பையன்தான். புள்ளைங்க வரிசையா நின்னு வணக்கம் பாட்டு பாடுச்சு. எளநீ வெட்டிக் குடுத்தோம். சார்ட்டையெல்லாம் பாத்தாரு, மேல தோரணத்தைப் பாத்தாரு, "அழகா வெச்சிருக்கீங்களே"ன்னாரு. அப்ப இந்த அஞ்சம்மா என் காதுகிட்ட வந்து, "டீச்சர், பீரோவ நவுத்திக் காட்டிரலாம் டீச்சர்"ங்கிறா. பதினாலு வருசமா எதுத்து ஒரு வார்த்தை பேசாதவ! இடுப்புல ஒரு கிள்ளு கிள்ளுனேன் பாரு, வாய மூடிக்கிட்டா. நீயே சொல்லு, வீட்டுக்கு வந்த மனுசங்ககிட்ட அழுக்குத் துணிய விரிச்சுக் காட்டுவோமா? சாருகிட்ட நானே பக்குவமாச் சொன்னேன், "சார், புதுக் கட்டடம் ஒண்ணு வேணும் சார்"னு. அவரும் தலையாட்டுனாரு.

அவரு எழுதிக் குடுத்ததப் பாக்குறியா? இரு, காட்டுறேன். நகல் கேட்டு வாங்கி வெச்சிருக்கேன். இந்தா, படி. "கட்டடம் நல்ல நிலையில் உள்ளது. மையம் சிறப்பாகப் பராமரிக்கப்படுகிறது." சிறப்பாகன்னு போட்டிருக்காரு, பாத்தியா. மேடம் என் கையப் புடிச்சிக் குலுக்குனாங்க. பதினாலு வருசத்துல என்னைப் பத்தி எழுத்துல வந்த மொத நல்ல வார்த்தைம்மா இது. அதான் மனுவுக்கு மேலயே இத வெச்சுப் பின் அடிச்சிருக்கேன். இவ்வளவு நல்லா நடத்துற டீச்சருக்கு ஒரு கட்டடம் குடுக்கலாமேன்னு கலெக்டருக்குத் தோணும்ல.

ஆனா இதுல ஒரு சூது நடக்குதும்மா. அதுக்கப்பறம் ரெண்டு மனு போட்டேன். ரெண்டுக்கும் போன்ல மெசேஜ் வருது, "கட்டடம் நல்ல நிலையில் இருப்பதால் மனு முடிக்கப்பட்டது"ன்னு. யாரு சொன்னா நல்ல நிலைன்னு? எவன் வந்து பாத்தான்? எனக்கு வேண்டாதவங்க யாரோ உள்ளுக்குள்ள பூந்து வேலை பாக்குறாங்க. ரேணுகா மேலதான் எனக்குச் சந்தேகம். எதுக்கும்மா என் மூஞ்சிய அப்படிப் பாக்குற? நான் தப்பா ஏதும் சொல்லிட்டனா?

சரி, கேளு. அந்த வீடியோவுக்கப்பறம் ஊர்ல பாதிப் பேரு புள்ளைய அனுப்பல. ஒம்பது புள்ளதான் வந்துச்சு. ஆளு கொறைஞ்ச சென்டரையெல்லாம் பக்கத்து ஊரோட சேத்துடப் போறாங்கன்னு பேச்சு கெளம்பிடுச்சு. எங்களுக்குப் பக்கத்து ஊருன்னா மெயின் ரோட்டைத் தாண்டணும், வாய்க்காலைத் தாண்டணும். எந்தப் புள்ள போவும்? எனக்கு சோறு எறங்கல. மத்தியானம் சென்டர் முடிஞ்சதும் வீடு வீடாப் போவேன். "நான் இருக்கேன்ல, என்னைத் தாண்டி உன் புள்ளைக்கு ஒண்ணு வருமா?"ன்னு ஒவ்வொருத்தி கையிலயும் அடிச்சு சத்தியம் பண்ணேன். மாறனத் தூக்குன கைன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால நம்புவாளுங்க. கடைசியா ரேணுகாகூட அனுப்பிட்டா. அவ மாமியார் படுக்கையில விழுந்துட்டா, வேற வழி இல்ல. இன்னிக்குக் காலையில இருபத்தொண்ணு. இந்த மழையிலயும் இருபத்தொண்ணும்மா! அஞ்சம்மா குடைய புடிச்சிக்கிட்டு நாலு நடை நடந்து கூட்டியாந்தா.

இன்னிக்கு லீவுன்னு ரேடியோவுல சொன்னாங்கதான். ஆனா பள்ளிக்கூடத்துக்குத்தானே சொன்னாங்க. பால்வாடின்னு ஒரு வார்த்தை சொல்லல. எங்கள எப்பவும் யாரும் சொல்றதில்ல. லீவும் கெடையாது, கட்டடமும் கெடையாது.

என்ன கேட்ட? சத்தமாக் கேளும்மா, மழை சத்தத்துல விழல. புள்ளைங்க இப்ப எங்கன்னா கேக்குற?

உள்ளதான். வெளியில எப்படி விடுறது, இப்படிப் பெய்யுதே. நாலு நாளா விடாமப் பெய்யுது. செவுரு ஊறி, ஒட்டுன சார்ட்டெல்லாம் தானா கழண்டு விழுது. மிருகம் சார்ட்டு வெள்ளிக்கிழமையே விழுந்துடுச்சு. பின்னால பாத்தா, எங்க வீட்டுக்காரர் அடைச்ச சுண்ணாம்பு முழுசா வெளிய வந்து நிக்குது. யாழினி ஓடியாந்து, "டீச்சர், பூரான் முழிச்சிக்கிச்சு"ங்குது. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. அதான் இன்னிக்கு மழைன்னுகூட பாக்காம கெளம்பிட்டேன். இன்னிக்கு விட்டா இனி அடுத்த திங்கக்கிழமைதான், அது வரைக்கும் எனக்குப் பொறுக்காது.

இரு இரு, போன் அடிக்குது. அஞ்சம்மாதான். சென்டர் போன அவகிட்ட குடுத்துட்டு வந்தேன். தெனம் பன்னெண்டு மணிக்குள்ள புள்ளைங்கள ரூமுக்குள்ள உக்கார வெச்சு, தட்டோட ஒரு போட்டோ எடுத்து கவர்மெண்டு ஆப்புல ஏத்தணும். வெளியில எடுத்தா அந்த போனே வாங்க மாட்டேங்குது, எடம் தப்புன்னு சொல்லும். ஏத்தலைன்னா அன்னிக்கு சென்டர் மூடிக் கிடந்ததாக் கணக்கு.

அலோ. சொல்லு அஞ்சம்மா. கேக்குது கேக்குது, பஸ்ஸுலதான் இருக்கேன். என்னது? எப்ப? காரையா? எவ்வளவு பெருசு? யாருக்கும் ஒண்ணும் இல்லையே? அப்பாடா. அப்பறம் ஏண்டி அழுவுற. இப்ப எங்க இருக்கீங்க? எங்க? ரேணுகா வீட்லயா! இருபத்தொண்ணையும் அங்க கொண்டு போயிட்டியா? யாரைக் கேட்டுக் கொண்டு போன? அவ போன எடுத்து வெச்சிக்கிட்டு நிப்பாளே, அவ வீட்டுக்குத்தான் போவணுமா?

சரி, சரி. அழுவாத. நான் திட்டல. நீ செஞ்சது சரிதான், நான் தப்புன்னு சொல்லல. மணி என்ன ஆவுது? பதினொண்ணே முக்கால். போட்டோ ஏத்திட்டியா? ஏத்தலையா? ஐயையோ. இன்னிக்கு ஏத்தலைன்னா மூடிட்டோம்னு ஆயிடும் அஞ்சம்மா. நான் இங்க மனு குடுக்குற நேரத்துல அங்க சென்டர் மூடிக் கிடந்துச்சுன்னா, கலெக்டர் என்ன நினைப்பாரு? பதினாலு வருசம் பாடுபட்டது போயிடும். நான் சொல்றதக் கேளு. எல்லாரையும் வரிசையா சென்டருக்குள்ள கூட்டிட்டுப் போ. அஞ்சே நிமிசம். பீரோ பக்கம் யாரையும் உக்கார வெக்காத, வாசப் பக்கமா நெருக்கி உக்கார வை. தட்டக் குடு. எடு. உடனே வெளிய கூட்டிட்டுப் போயிடு. அவ்வளவுதான். ரேணுகா என்ன சொல்றா? அவ சொல்றதக் கேக்காத. நான் சொல்றேன்ல. என் மேல நம்பிக்கை இருக்கா இல்லையா? ஆங். அப்படிச் சொல்லு. போ. சீக்கிரம் போ.

வெச்சிட்டா. நல்லவதான், கொஞ்சம் பயந்த சுபாவம். நான் ஒரு வார்த்தை சொன்னா தட்ட மாட்டா.

என்னம்மா? ஏன் எந்திரிச்ச? உன் ஸ்டாப்பு இன்னும் வரல. ஏய், போன ஏன் புடுங்குற? குடும்மா. யாருக்கு அடிக்கிற? அஞ்சம்மாவுக்கா? அவகிட்ட நீ என்ன சொல்லப் போற? உனக்கு என்ன தெரியும் எங்க ஊரைப் பத்தி? புள்ள அழுவுது பாரு, மொதல்ல அதப் பாரு.

எடுக்கலையா? எடுக்க மாட்டா. ரெண்டு கையிலயும் புள்ளைங்களப் புடிச்சிக்கிட்டுல்ல போவா. ரேணுகா வீட்டுக்கும் சென்டருக்கும் நாலே வீடுதான் நடுவுல. இந்நேரத்துக்கு உள்ள போயிருப்பாங்க.

எல்லாரும் உள்ள போயிருப்பாங்க.

ரிங்கு போவுதா? போவுதா? இப்படி என் காதுல வை. போவுது, எடுக்கல. என்னம்மா, எடுக்க மாட்டேங்கிறா. ஏம்மா எடுக்க மாட்டேங்கிறா?

இன்னொரு தடவ அடிம்மா.